பீர்க்கங்காய் வழக்கு

ஆபீஸில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஃபைலில் தப்பு வந்தால், அதைக் கடைசியாகத் தொட்டவன்தான் குற்றவாளி. தப்பு எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்றெல்லாம் யாரும் ஜாதகம் பார்ப்பதில்லை. கையெழுத்து யாருது? கூப்பிடு அவனை!

விவசாயத்திலும் இதே சட்டம்தான். கொடி வாடினால் விதை கொடுத்தவன் மாட்டினான்.

எங்கள் ஊர் கான்சாபுரம். அது எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களிடம் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்' என்று சொல்லி, உடனே அவர்கள் பால்கோவா கேட்டு, ஒவ்வொரு தடவையும் அரைக்கிலோ வாங்கிக் கொடுத்து நான் கெட்டது போதும். 2025-ல் கூமாபட்டி ரீல்ஸில் பிரபலமான பிறகு 'கூமாபட்டி பக்கம்' என்று சொல்லிவிடுகிறேன். செலவில்லை. மேற்கே மலை, பிளவக்கல் அணைத் தண்ணீர், நெல், தென்னை, நடுநடுவே காய்கறிப் பந்தல். அவ்வளவுதான் ஊர்.

என் சித்தப்பாவுக்கு அங்கே அரை ஏக்கரில் பீர்க்கங்காய்ப் பந்தல். விதை கடையில் வாங்கியதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொடுத்தது. கிணற்றை ஒட்டி அவர் நிலம் இருப்பதால் எங்களுக்கெல்லாம் அவர் 'கெணத்தடி மாமா'. சித்தப்பாவும் அவரும் நாற்பது வருஷமாக மாப்ளே, மச்சான். ஒரே மோட்டாரில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். அதிலேயே சண்டை வராதவர்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகையில் சித்தப்பா மதுரைக்கு போன் போட்டார்.

"ஏம்ப்பா, ஒங்க மாமன் என் கழுத்த அறுத்துட்டான்யா."

"என்னாச்சு சித்தப்பா?"

"சீக்கு வெதையக் குடுத்துட்டான். பந்தலு பூராம் மஞ்சளாப் போச்சு. பத்து நாள்ல எல சருகாயிருச்சு. தெரிஞ்சே குடுத்திருக்கான்."

வெறும் பீர்க்கங்காய் விஷயம் என்று நினைக்காதீர்கள். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். ராஜபாளையம் மார்க்கெட்டுக்குப் போகிற காயில் வருகிற காசைச் சமையல்காரருக்கு என்று எண்ணி வைத்திருந்தார். அதைவிடப் பெரிய விஷயம், பத்திரிகை அடித்து வந்துவிட்டது. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது கெணத்தடி மாமாவுக்கு என்று இருந்தது போய், "அவன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்கிறார். சித்தி அழுகிறாள். கல்யாணப் பெண்ணோ, "மாமா வராம எப்படிப்பா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது.

என்னை எதற்குக் கூப்பிட்டார் என்றால், நான் பி.எஸ்ஸி. பாட்டனி. பாட்டனி படித்துவிட்டு வவுச்சர் சரிபார்க்கிற இனத்தைச் சேர்ந்தவன். ஆனாலும் ஊரில் நான்தான் தாவரங்களுக்கு டாக்டர். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, வத்திராயிருப்பு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

சித்தப்பா ஆதாரத்தோடு உட்கார்ந்திருந்தார். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய ஒரு நோட்டீஸ். கொடிக் காய்கறிகளில் வரும் 'அடிச்சாம்பல் நோய்' பற்றியது. மஞ்சள் புள்ளி போட்ட இலைப் படம். அச்சாக எங்கள் பந்தல் இலை மாதிரியே. கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'இந்நோய் வித்துக்கள் மூலம் பரவுகிறது.'

"பாத்தியா? வித்து! கவர்மென்டு பாஷையிலயே போட்டிருக்கான். வேளாண்மை ஆபீஸ்ல 'எண்ணெய் வித்து'ன்னு எழுதிருக்கானே, அது என்ன? கடலையும் எள்ளும்தானே? வித்துன்னா வெதை!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. வித்து என்றால் விதைதான். ஆனால் பாட்டனி புத்தகத்தில் வித்து என்றால் வேறு. பூஞ்சாணம் இனம் பெருக்க உதிர்க்கிற, கண்ணுக்குத் தெரியாத தூள் இருக்கிறதே, அதற்கும் தமிழில் வித்து என்றுதான் பெயர். ஒரு வித்து மாமாவின் மடியில் முடிந்து வருவது. இன்னொரு வித்து காற்றில் வருவது. நாற்பது வருஷ சிநேகம் இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுந்திருக்கிறது!

இதைச் சொன்னால் சித்தப்பா நம்புவாரா? "மாமனுக்கு வக்காலத்து வாங்குறியா?" என்பார். அதனால் தோட்டக்கலை படித்த என் சிநேகிதன் ஒருவனுக்கு இலையைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "மேல்பக்கம் பார்த்து என்னடா பண்றது? காலைல பனி காயறதுக்குள்ள இலையைத் திருப்பிப் போட்டு எடு."

மறுநாள் விடியற்காலை சித்தப்பாவும் நானும் போனோம். மலையடிவாரப் பனி, இலையெல்லாம் நனைந்து கிடந்தது. மேல்பக்கம் மஞ்சள் கட்டங்கள். நரம்புக்கு நரம்பு வேலி போட்ட மாதிரி, கோணம் கோணமாக. இலையைத் திருப்பினால், அதே கட்டத்துக்கு நேர் கீழே சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு பூப்பு. மாவு மாதிரி மேல்பக்கம் வெள்ளையாகப் படிந்தால் அது வேறு, சாம்பல் நோய். இது அடிச்சாம்பலேதான்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். சிநேகிதன் பாடம் நடத்தினான்.

இதைக் கிளப்புகிற கிருமியின் பெயர் சூடோபெரனோஸ்போரா கியூபென்சிஸ். ("பேரே வெளங்கலையே!" - சித்தப்பா.) 1868-ல் கியூபாவிலிருந்து வந்த இலையில் முதலில் கண்டு பெயர் வைத்தார்கள். பூஞ்சாணம் என்று பொதுவாகச் சொன்னாலும், உண்மையில் இது பூஞ்சாண ஜாதியில் சேராத நீர்ப்பாசான். 1845-ல் அயர்லாந்து உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த கிருமிக்குப் பங்காளி. உயிருள்ள பச்சை இலையில்தான் பிழைக்கும். ராத்திரி ஈரத்தில் இலையின் அடியில் வித்து கட்டும். காலையில் காற்றில் ஏறும். ஈரமான அடுத்த இலையில் இறங்கும். ஒரு வாரம் போதும், அங்கேயும் மஞ்சள்.

"எம்புட்டு தூரம்யா போகும்?"

"பக்கத்துத் தோட்டம் என்ன, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் ஐயா. அமெரிக்காவில் குளிர்காலத்தில் வெள்ளரிக்கொடியெல்லாம் செத்துப்போகும். தெற்குக் கோடியில் ஃபுளோரிடா பக்கம் உயிரோடு இருக்கிற கொடியில் இது தங்கியிருந்து, வருஷா வருஷம் காற்றோடு வடக்கே கிளம்பும். புயல் எச்சரிக்கை மாதிரி இதற்கும் அங்கே முன்னறிவிப்பு சொல்லி வந்தார்கள்."

சித்தப்பா யோசித்தார். அவர் படித்தது எட்டாவது. ஆனால் குறுக்கு விசாரணையில் வக்கீல் தோற்றார்.

"சரி. காத்துல வருதுங்கிற. வெதையில வரவே வராதுன்னு சத்தியம் பண்ணுவியா?"

சிநேகிதன் கொஞ்சம் தயங்கினான். நல்லவன். பொய் சொல்லவில்லை.

ரொம்ப காலமாக 'விதையில் வராது' என்றுதான் எல்லோரும் எழுதி வந்தார்களாம். 2014-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் ஜெர்மன்காரர்களோடு சேர்ந்து ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். நோய் வந்த கொடிகளின் காய்க்குள்ளேயும், விதையின் கருவிலேயும்கூட இந்தக் கிருமி இருந்திருக்கிறது. அந்த விதைகளை முளைக்கப் போட்டபோது 0.9 சதவீதக் கன்றுகளில் நோய் தலைகாட்டியது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை.

நான் தலையில் கை வைத்தேன். சித்தப்பா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அரை ஏக்கருக்கு நானூறு குழி. குழிக்கு அஞ்சு விதை. ஆக ரெண்டாயிரம்.

"பதினெட்டு கன்னு! பதினெட்டு கன்னு போதாதாய்யா ஒரு பந்தலக் காலி பண்ண?"

நியாயமான கேள்வி. போதும்தான். வழக்கு மறுபடியும் மாமா பக்கம் சாய்ந்தது. சிநேகிதன் அசரவில்லை. மூன்றே மூன்று கேள்வி கேட்டான்.

"விதை போட்டது எப்ப? சீக்கு எப்ப?"

ஆவணிக் கடைசியில் போட்டது. கொடி பந்தலேறி, மஞ்சள் பூ பூத்து, முதல் காய் பறித்து, கார்த்திகையில்தான் இலை மஞ்சளாகியது. விதையில் வந்திருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கன்றிலேயே தெரிந்திருக்க வேண்டும். சித்தப்பா தினமும் கன்றோடு பேசுகிறவர். ஒரு புள்ளியும் பார்த்ததில்லை.

"ஊரில் வேறு யாருக்காவது வந்திருக்கா?"

இது சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. பேச்சுவார்த்தை நின்றதிலிருந்து அவர் கிழக்கே தலை திருப்பவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கடையில் பாக்கெட் விதை வாங்கிப் போட்ட பந்தலில் அதே வாரம் அதே மஞ்சள். மாமாவின் சொந்தப் பந்தலில் பத்து நாள் கழித்து அதே கதை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. யார் மேல் பழி போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

"அந்த விதைக் காய் எப்ப முத்தினது?"

சித்திரை வெயிலில். இலை காய்ந்த இரும்பு மாதிரி கிடக்கும் காலம். அப்போது மாமா கொடியில் ஒரு புள்ளி கிடையாது. அதைப் பார்த்துத்தான் சித்தப்பாவே விதை கேட்டார். இஸ்ரேல்காரர்கள் கிருமியைக் கண்டது சீக்கு வந்த கொடியின் காயில்தான். ஆரோக்கியமான கொடியின் காயிலோ விதையிலோ அது இல்லை.

சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "காத்தப் பிடிச்சு யாருகிட்டப் போய்க் கேக்க?" என்றார். அதுதான் தீர்ப்பு.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. விதைக்கு முகம் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. கோபப்படலாம், பத்திரிகையை நிறுத்தலாம். காற்றுக்கும் பனிக்கும் எந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்புவது? ஆகவே முகம் இருக்கிறவன் மாட்டுகிறான்.

ஆனால் 'விதை எப்போதுமே நிரபராதி' என்று நீங்கள் ஊரில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். இதே கொடிக் குடும்பத்தில் ஆந்த்ராக்னோஸ் விதையோடு வரும். தண்டில் பிசின் கசிந்து கருகுகிற நோயும் வரும். ஃபியூசேரியம் வாடலும் வரும். விதைக்கும் முன்னால் கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்யச் சொல்வது இந்த மாதிரி நோய்களுக்காகத்தான். காற்றில் வருகிற அடிச்சாம்பலை அது தடுக்காது. அதற்குக் கொடிகளை நெருக்காமல் காற்றோட்டம் விடணும், சாயங்காலத்தில் இலை நனையாமல் பார்க்கணும், முதல் மஞ்சள் தெரிந்ததுமே மருந்தடிக்கணும்.

சித்தப்பா சருகான இலைகளைப் பறித்து எரித்தார். லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் கலந்து, இலையின் அடிப்பக்கம் படும்படியாக, பத்து நாள் இடைவெளியில் இரண்டு தரம் அடித்தோம். 'அடித்தோம்' என்பது மரியாதைப் பன்மை. நான் டார்ச் பிடித்த மாதிரி பம்பு பிடித்தேன். பாதிக் காய் தேறியது. மீதிக்கு சித்தப்பா சொசைட்டியில் கடன் எழுதினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு, பத்திரிகையோடு மாமா வீட்டுக்குப் போனார். எனக்கு உள்ளூரப் பயம். எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு மன்னிப்பு கேட்கிற பழக்கம் கிடையாது. அந்த வார்த்தையே சினிமாவில்தான் வரும். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள். அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசினார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டணும் என்று பேசினார்கள். அத்தை இரண்டாம் தரம் காபி கொண்டுவந்து வைத்தாள்.

கடைசியில் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"மச்சான்... அடுத்த போகத்துக்கு வெதை வச்சிருக்கியா?"

திண்ணையில் சத்தமே இல்லை. சீக்கு விதை கொடுத்தான் என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன், அதே கையிடம் விதை கேட்கிறார். இதைவிடப் பெரிய மன்னிப்பு எந்த மொழியிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மாமா எழுந்து உள்ளே போனார். இறவாணத்தில் கட்டியிருந்த காய்ந்த பீர்க்கங்காய் இரண்டை அவிழ்த்துக்கொண்டு வந்து சித்தப்பா மடியில் வைத்தார். குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம்.

"இது அந்தச் சித்திரைக் காய்தான் மாப்ளே. மிச்சம் இருந்துச்சு. இந்தக் கார்த்திகைக் கொடியில நான் வெதைக்கே விடல. சீக்குப்பட்ட கொடியில வெதை எடுக்கப்படாதுன்னு எங்க அய்யா சொல்லுவாரு."

இஸ்ரேல் ஆராய்ச்சியை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.