ஏரியல் பார்த்த திசை

ஒரு வீட்டுக்குள் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தெருவிலே நின்று தெரிந்துகொள்வது சுலபமல்ல. வாசலில் அழகான கோலம் இருக்கும்; உள்ளே மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு வார்த்தை நின்று மூன்று நாளாகியிருக்கும். நிலைப்படியில் 'நல்வரவு' என்று எழுதியிருக்கும். கதவைத் தட்டினால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஆனால் ஒரு காலத்தில், ஒரு விஷயத்தில் மட்டும், வீடுகளால் தங்கள் மனத்தை மறைக்க முடியவில்லை. மொட்டைமாடிகளில் டெலிவிஷன் ஏரியல் நின்ற காலத்தைச் சொல்கிறேன். அந்த வீடு எந்தத் திசையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்பதை அது ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதன் உருவத்தைச் சொல்லிவிடுவது நல்லது. சதையெல்லாம் தின்ற பிறகு இலையில் மிஞ்சுமே மீன்முள், அதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே ஒரு தண்டு. குறுக்கே வரிசையாக அலுமினியக் குழாய்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி உத்தியோகம் உண்டு. நீள வளையம்போல மடித்திருக்கும் ஒரே ஒரு குழாயில்தான் ஒயர் இணைத்திருக்கும். அலையை வாங்கிக் கீழே அனுப்புவது அதுதான். அதற்குப் பின்னால் நிற்கும் சற்று நீளமான குழாய், தாண்டி ஓடும் அலையைத் திருப்பி விரட்டும். முன்னால் நிற்கும் குட்டைக் குழாய்கள் வருகிற அலைக்கு வழிகாட்டும். நீளமும் மனம்போனபடி வைப்பதல்ல. அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி. 60 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 5 மீட்டர். ஆகவே குழாய் இரண்டரை மீட்டருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும்.

1926-ஆம் ஆண்டில் ஜப்பானில் செண்டாய் நகரத்துச் சர்வகலாசாலையில் யாகி என்ற பேராசிரியரும் ஊடா என்ற அவருடைய சகாவும் இதைக் கண்டுபிடித்தார்கள். சொந்த நாட்டில் அதைச் சீந்துவாரில்லை. 1942-இல் ஜப்பானியப் படை சிங்கப்பூரைப் பிடித்தபோது, ஓர் ஆங்கிலேயச் சிப்பாயின் ரேடார் குறிப்புகள் அகப்பட்டன. அவற்றில் 'யாகி' என்று ஒரு வார்த்தை அடிக்கடி வந்தது. அர்த்தம் விளங்காமல் கைதியைக் கேட்டார்களாம். "உங்கள் தேசத்துப் பேராசிரியருடைய பெயராயிற்றே! உங்களுக்கே தெரியாதா?" என்றானாம் அவன். தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி அயலான் வாயால் கேட்கிற விதி சிலருக்கு வாய்க்கிறது. அப்படி ஒருத்தியை நான் பின்னால் கண்டேன்.

1983-இன் தொடக்கத்தில் நான் தூத்துக்குடியில் குடியிருந்தேன். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-லேயே ஆரம்பமாகிவிட்டது. அதன் அலை எங்கள் பக்கம் எட்டவில்லை. ஆனால் 1982 பிப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையின் உச்சியிலிருந்து புறப்பட்ட அலை, கடலைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்தது. தமிழில் செய்தி உண்டு, பாட்டு உண்டு என்று தெரிந்ததும் வசதியுள்ள வீடுகளில் எல்லாம் தென்கிழக்கைப் பார்த்து மீன்முட்கள் முளைத்தன.

எங்கள் வீட்டிலும் ஒரு நாள் இருபதடி இரும்புக் குழாய்கள் மூன்று வந்து இறங்கின. ஒன்றன்மேல் ஒன்றாக அவற்றை இணைத்து, நான்கு புறமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஏரியலையும் அதன் கீழே பூஸ்டரையும் மாட்டினார் மெக்கானிக். பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. மாடியில் மெக்கானிக், மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பையன், கூடத்தில் பெட்டிக்கு முன்னால் என் மனைவி.

"வருதாலே?" என்பார் மெக்கானிக்.

"அத்தை, வருதா?" என்பான் பையன்.

"யாரோ ஒருத்தர் தலை தெரியுது. உடம்பைக் காணோம்!"

"தலை மட்டும் வந்திருக்காம் அண்ணாச்சி!"

மெக்கானிக் உடம்பைத் தேடிக் குழாயைத் திருப்புவார். "இப்ப நல்லாயிருக்கு, அப்படியே விடுங்க!" என்ற செய்தி படியேறி அவரை அடைவதற்குள் ஏரியல் வேறு திசைக்குப் போயிருக்கும். பாவம், திருப்புகிறவருக்குப் படம் தெரியாது. படத்தைப் பார்க்கிறவருக்குத் திருப்ப முடியாது. இந்த உலகத்தில் பல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்து அறையில் ஓர் ஆச்சி மகளோடு குடியிருந்தாள். 1964-இல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்றல்லவா? அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவள். மகனுக்கு இலங்கைப் பிரஜா உரிமை கிடைத்தது. அவன் தோட்டத்திலேயே தங்கிவிட்டான். காகிதத்தில் கோடு போட்டவர்கள் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவிலும் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

அன்று வேடிக்கை பார்க்க வந்தவள், "எந்தப் பக்கமா தம்பி திருப்புறாங்க?" என்று கேட்டாள்.

"பீதுருதலாகலைன்னு ஒரு மலை ஆச்சி. அங்கேயிருந்துதான் வருது."

அவள் சிரித்துவிட்டாள். "அந்த மலைக்குக் கீழேதானே முப்பது வருசம் கொழுந்து கிள்ளினேன்! மேகம் மூடிச்சுன்னா மலையே தெரியாது. அங்கேயிருந்தா படம் வருது?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மலையின் உயரம் 2,524 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்தும் அலை சாதாரணமாகச் செல்லக்கூடிய தூரம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; எங்கள் ஊரோ சுமார் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால். மிச்ச தூரம் கடலின் தயவு. கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேலே உலர்ந்த வெப்பக்காற்றும் அடுக்காக நின்றால், அலை வளைந்து நெடுந்தூரம் வரும். காற்று கலைந்தால் பெட்டியில் புள்ளிமழைதான்.

ஜூலை மாதம் இலங்கையில் கலவரம் மூண்டது. கடிதம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு தமிழ்ச் செய்தி நேரத்துக்கு ஆச்சி தவறாமல் வந்து கூடத்தில் தூணோரமாக உட்காருவாள். படம் கலைந்து போகும்போது நான் எழுந்தால், "படம் வேண்டாம் தம்பி, பேச்சு காதிலே விழுந்தாப் போதும்" என்பாள். தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு கூலிக்காரனின் பெயரை எந்தச் செய்தியில் வாசிப்பார்கள்? அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கடைசி வார்த்தை வரை இருந்துவிட்டுத்தான் போவாள்.

ஒரு மாலை காற்று பலமாக அடித்தது. வெளியே போயிருந்த நான் வீடு திரும்பும்போது ஆச்சி தெருவில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, கம்பி மலையைப் பார்க்கலை" என்றாள். பார்த்தேன். ஏரியல் அரைச்சாண் அளவுக்கு விலகியிருந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. மெக்கானிக்கை அழைத்துத் திருப்பி வைத்த பிறகுதான் அவள் உள்ளே வந்தாள்.

அந்த மலையிலிருந்து எங்கள் மாடிக்கு அலை வந்துசேர, ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான நேரம் போதும். மகனுடைய கடிதம் வந்துசேர இரண்டு மாதம் ஆயிற்று. வேறு யாரோ எழுதிய நாலு வரி: எல்லாரும் சுகம், லயம் எரிந்துவிட்டது, கவலைப்பட வேண்டாம். அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். அன்றைக்குச் செய்தி கேட்க அவள் வரவில்லை.

பிறகு தமிழ்நாட்டிலேயே பக்கத்தில் ஒளிபரப்பு நிலையங்கள் வந்தன. தென்கிழக்கைப் பார்த்திருந்த ஏரியல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அதன்பின் கேபிள் வந்தது; மாடிகளில் வட்டத் தட்டுகள் வந்தன. தூர்தர்ஷனும் தன் பழைய தரைவழி ஒளிபரப்பை 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. உப்புக்காற்றில் அரித்துப்போன அலுமினியக் குழாய்களைப் பழைய சாமான்காரர்கள் எடைக்கு வாங்கிப் போனார்கள்.

இன்றைக்குப் படத்தில் ஒரு புள்ளி கிடையாது. தலையும் உடம்பும் சேர்ந்தே வருகின்றன. மாடியிலிருந்து யாரும் கத்த வேண்டியதில்லை. தெருவில் நடந்துபோகும்போது அண்ணாந்து பார்க்கிறேன். தட்டுகளெல்லாம் பொதுவாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எந்த வீடு எந்த மலையைப் பார்த்துக் காத்திருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.