மூன்று மொழிக் கல்

கொழும்பிலே கலைக்கென்று ஒரு வீதி உண்டென்றால் அது ஆனந்த குமாரசுவாமி மாவத்தையே. ஆங்கிலேயர் காலத்தில் அதற்குக் ‘கிறீன் பாத்’ என்று பெயர். ஒருபுறம் பூங்கா, மறுபுறம் கலாபவனமும், 2011 இல் சீன உதவியுடன் திறக்கப்பட்ட தாமரைத் தடாக அரங்கும். நடைபாதையிலே ஓவியர்கள் தம் படங்களைச் சாத்திவைத்து விற்கிறார்கள். சிங்களக் கைவினைகளைப் பற்றி 1908 இல் பெருநூல் எழுதிய குமாரசுவாமி, தச்சரையும் கொல்லரையும் தேடிச் சென்றவர். வீதிக்கு அவர் பெயர் பொருந்தும். அவ்வோவியர்க்கு வானமே கூரையாய் இருப்பதுதான் பொருந்தவில்லை.

அப்பால் சிறிது நடந்தால் நூதனசாலை. 1877 இல் அது திறக்கப்பட்டபோது தேசாதிபதியாயிருந்த கிரெகரி, முன்றிலிலே சிலையாக நிற்கிறார். அதைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்பதை மாணவர்க்கு நாமே சொல்ல வேண்டியிருந்தது.

வீரமுனைப் பிள்ளைகளையும் சம்மாந்துறைப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் அழைத்துவந்தோம். அடுத்தடுத்த ஊர்கள், ஆயினும் பெற்றோரின் தயக்கத்தைக் கரைக்க இரண்டு மாதங்கள் சென்றன. அவர்களைக் குறை கூறோம். 1990 ஆகஸ்டு மாதத்திலே காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்தோர் கொல்லப்பட்டனர். அந்த நினைவு இன்னும் எத்தனையோ வீடுகளில் விளக்கணைக்காமல் விழித்திருக்கிறது.

உள்ளே நாம் அதிக நேரம் நின்றது ஒரு கல்லின் முன்னேதான். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்தது. 1409 ஆம் ஆண்டுக்குரியது. சீனத்திலே புத்தருக்கும், தமிழிலே தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்திலே அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது. செங் ஹோ இஸ்லாமியக் குடியிற் பிறந்தவன். கொடையாளி என்று மட்டும் அவனைப் போற்றிவிடலாகாது. சில ஆண்டுகளுக்குள் இந்நாட்டுத் தலைவன் ஒருவனைச் சிறைபிடித்துச் சென்றவனும் அவனே. எனினும், இத்துறைமுகத்தில் வணிகம் செய்ய மூன்று சமயத்தாரின் மதிப்பும் வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

1911 இல் காலியிலே இக்கல் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகை மூடிக் கிடந்தது.

வீரமுனை மாணவி ஒருத்தி தமிழ்ப் பகுதியில் எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துபோனது. சம்மாந்துறைச் சிறுவன் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

“இது லாம் எழுத்துப் போல இருக்கு, சேர்.”

“எங்க, காட்டு பாப்பம்,” என்று அவள் தன் வரியை விட்டு அவன் பக்கம் நகர்ந்தாள்.