ஆபிங்டன்: ஒரு முழ ரப்பர் குழாய்

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தெற்கே பத்து கி.மீ. போனால் தேம்ஸ் நதிக்கரையில் ஆபிங்டன். பழைய பாலம், மடாலயத்தின் மிச்சங்கள் என்று சாதுவான ஊர். 1929 முதல் 1980 வரை எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்கள் இங்கேதான் தயாராயின. இன்று அதே எண்கோணச் சின்னத்துடன் இந்தியச் சாலைகளில் ஓடும் கார்கள் குஜராத்தின் ஹாலோலில் உருவாகின்றன. ஆபிங்டனில் மிச்சமிருப்பவை ஒரு கார் கிளப்பின் தலைமையகம், வயதான சில தொழிலாளர்கள், வீட்டோரக் கொட்டகைகளில் போர்த்திவைத்த கார்கள்.

அப்படியொரு கொட்டகையில், ஜனவரிக் குளிரில், 1972-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஒன்றின் முன் குனிந்து நிற்கிறார் அதன் சொந்தக்காரர். 1978-இல், பள்ளியை விட்டதும், தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வேலைக்குச் சேர்ந்தவர். இந்த வண்டி அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே வெளியே போய்விட்டது. இன்றைய வேலை ஹீட்டர் ஹோஸ்களை மாற்றுவது.

காருக்கு ஹீட்டர் எதற்கு என்று சென்னைவாசி கேட்கலாம். டெல்லித் தமிழர்கள் கேட்க மாட்டார்கள். இங்கே ஹீட்டர் இல்லாவிட்டால் கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தில் சாலையே தெரியாது. ஆனாலும் 1962-இல் எம்.ஜி.பி. வந்தபோது ஹீட்டருக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். குளிர்நாட்டு வியாபாரம்!

பானெட்டைத் திறந்தால் தெரிந்த முகம் போலிருக்கிறது. காரணம் உண்டு. நம் அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சி.சி. இன்ஜினும் இதன் 1798 சி.சி. இன்ஜினும் ஒரே 'பி சீரிஸ்' குடும்பம். இன்ஜின் தலையின் பின்பக்கமுள்ள வால்வு வழியே வெந்நீர் ஒரு ரப்பர் ஹோஸில் ஏறி, ஹீட்டர் பெட்டிக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு ஹோஸ் வழியாக இறங்கி, இன்ஜினின் மேலோரமாகப் போகும் இரும்புக் குழாயில் ஓடித் திரும்புகிறது.

பழைய ஹோஸை விரலால் அமுக்கிக் காட்டுகிறார். ஓரிடத்தில் எண்ணெய் ஊறி உப்பிக் கிடக்கிறது. வளைவில் பொடிப்பொடியாக வெடிப்புகள். நெடுஞ்சாலையில் இது பிளந்தால் தண்ணீர் முழுவதும் சில நிமிடங்களில் வெளியே. தண்ணீரே இல்லாதபோது வெப்பமானியின் முள்ளையும் நம்ப முடியாது. ஓட்டுபவர் கவனிப்பதற்குள் கேஸ்கட் போகும், இன்ஜின் தலை கோணும். ஒரு முழ ரப்பரைப் பார்க்காமல் விட்டதற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

இன்ஜின் ஆறியிருக்கிறது. ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பி வால்வைத் திறந்துவைத்துவிட்டு, ரேடியேட்டரின் கீழ்க் குழாயைக் கழற்றித் தொட்டியில் தண்ணீரைப் பிடிக்கிறார். முதல் காரியமாகப் பக்கத்து வீட்டுப் பூனையை விரட்டுகிறார். குளிரில் உறையாதிருக்கக் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நக்கிய பூனை பிழைப்பது கஷ்டம்.

அடுத்ததுதான் கண்டம். ஐம்பது ஆண்டு ரப்பர் உலோகத்தோடு ஒட்டிப் போயிருக்கும். முறுக்கி இழுத்தால் ஹீட்டரின் மெல்லிய குழாய்முனை ஒடியும். பிறகு ஹீட்டர் பெட்டியையே வெளியே எடுக்க வேண்டும். எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் அந்த வேலையைப் பேயைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். அவர் இழுப்பதில்லை. கத்தியால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோலைப் போல உரிக்கிறார். முனை தப்பித்தது. இரும்புக் குழாய் தப்பவில்லை. பெயின்ட்டைச் சுரண்டியதும் ஸ்க்ரூ டிரைவர் நுனி துருவுக்குள் இறங்கிவிட்டது.

கவலைப்படவில்லை. அலமாரியிலிருந்து புதுக் குழாய் வருகிறது. 1988 முதல் இந்தக் காரின் உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறார்கள், குழாய் எம்மாத்திரம்? அவருடைய குறையெல்லாம் ரப்பர் மீதுதான். "பழசு முப்பது வருஷம் உழைத்தது. இப்போது வாங்குவது அஞ்சு வருஷம் தாங்கினால் பெரிசு" என்கிறார். அதனால் புது ஹோஸில் மாதமும் வருடமும் எழுதிய சீட்டைக் கட்டிவிடுகிறார்.

அரை அங்குல ஹோஸ், முனையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், மேலே ஜூபிலி கிளிப். 1921-இல் லம்லி ராபின்சன் என்ற கடற்படைக்காரர் கண்டுபிடித்த இந்தப் பட்டையை ஆவேசமாக முறுக்கினால் ரப்பரையே வெட்டிவிடும்.

வேலைக்கு நடுவே பழைய கதையும் வருகிறது. 1979 செப்டம்பரில் தொழிற்சாலையின் 50-ஆம் ஆண்டு விழா ஊரே கூடி நடந்தது. அது முடிந்த மறுநாளே மூடும் அறிவிப்பு வந்தது. 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளியேறியது. விழாவுக்காக உள்ளூர் ஆலை காய்ச்சிய பீர் மட்டும் இன்றும் கிடைக்கிறது. காய்ச்சுவது வேறு ஊரில். ஆபிங்டன் பீர் ஆலையும் 2000-இல் மூடப்பட்டது. "கதவு மாட்டுகிற வேலையை அதற்குப் பிறகு யாரும் எனக்குத் தரவில்லை" என்கிறார், கிளிப்பைத் திருகியபடியே.

தண்ணீரை அவசரமில்லாமல் ஊற்ற வேண்டும். வால்வு திறந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொண்டு ஹீட்டர் சில்லென்றே கிடக்கும். இன்ஜின் ஓடுகிறது. அவர் பின் ஹோஸைப் பிடித்துப் பார்க்கிறார்: சூடு. பிறகு திரும்பும் ஹோஸ். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அதுவும் சுடுகிறது. கிளிப்புகளுக்கடியில் துணியால் துடைத்துப் பார்க்கிறார். ஈரமில்லை. ஆறிய பிறகு மறுபடி ஒரு திருகு, தண்ணீர் மட்டம் ஒருமுறை. அதற்குள் முன்கண்ணாடியின் அடியில் உள்ளங்கையளவு பனிமூட்டம் விலகியிருக்கிறது.