ஓதம் ஏறிய சுவர்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டில் ஓதம் ஏறிய சுவரைச் சரிசெய்து பார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் கூடத்தில் குளியலறையை ஒட்டிய சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஊறி, சுண்ணாம்பு உதிர்ந்து, வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. அதன் ஓரமாகத்தான் பாட்டியின் கட்டில். பாட்டியின் இருமலுக்குப் பயந்து அப்பா 2023 பங்குனியில் ஒரு கான்டிராக்டரை அழைத்து வந்தார்.

வந்தவர் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். "அஸ்திவாரமே ஊறிப்போச்சு சார். நாலு சுவருக்கும் கெமிக்கல் அடிக்கணும். நாற்பதாயிரம் ஆகும். இன்னிக்கே பணம் கொடுத்தாத்தான் இந்த ரேட்டு" என்றார். அப்பா தயங்கினார். 'கெமிக்கல்' என்ற சொல்லைக் கேட்டதும் வேதியியல் மாணவனான எனக்குப் புல்லரித்துவிட்டது. "கொடுத்துடுங்கப்பா" என்றவன் நானேதான். என்ன கெமிக்கல் என்றுகூடக் கேட்கவில்லை. தங்கை கல்லூரியில் சேர்வதற்கென வைத்திருந்த பணம், ரசீதின்றிக் கைமாறியது.

இரண்டே மாதத்தில் புதுப்பூச்சு கொப்பளித்து உரிந்தது. கான்டிராக்டர் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

தெருக்கோடியிலிருந்த முதிய கொத்தனார் வந்து பார்த்தார். "நனையறது ஒரு சுவர்தானே தம்பி? அஸ்திவாரம் நாலுக்கும் ஒண்ணுதானே? பங்குனி வெயில்லேயும் காயலேன்னா இது மழைத் தண்ணியும் இல்லே. குழாயைப் பாருங்க" என்றார்.

அன்றிரவு குழாய்களையெல்லாம் மூடி, மாடித் தொட்டியில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டேன். காலையில் நான்கு விரற்கடை குறைந்திருந்தது. மறுநாள் இரவு குளியலறைக் குழாயின் வால்வையும் அடைத்தேன்; மட்டம் இறங்கவில்லை. சுவருக்குள் ஒரு முழங்கை இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. செங்கல்லின் நுண்துளைகள் வழியே அந்த நீர்தான் மேலேறியிருக்கிறது. பாடத்தில் படித்த நுண்புழை ஏற்றம் எங்கள் கூடத்திலேயே நடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை! இணைப்பை மாற்ற, கூலி உட்பட ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. சுவர் நன்றாக உலரும்வரை, மாதக்கணக்கானாலும், எதையும் பூசாதே என்றார் கொத்தனார்.

அந்த ஆண்டு தங்கையின் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போயிற்று. அப்பா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நண்பர்களே! ஈரம் எங்கிருந்து வருகிறது என்று காட்டாமல் மருந்து விற்பவரை நம்பாதீர்கள். இன்னும் இருவரிடம் கேளுங்கள். என்ன வேலை, என்ன பொருள், என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். "இன்றைக்கே" என்று அவசரப்படுத்தினால் நாளைக்கு வரச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சிட்டிகை உப்பைக் கொடுத்தால், சோதனைகளை வரிசையாகச் செய்து முடிக்காமல் நாம் அதற்குப் பெயர் எழுதுவதில்லை. என் வீட்டுச் சுவரில் பூத்த உப்புக்கு மட்டும் யாரோ சொன்ன பெயரை அப்படியே எழுதிவிட்டேன்.