அடுத்தவர் பில்

பக்கத்து மேசைக்காரர் விட்டுப்போன பில்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. திருட்டு என்று சொல்ல முடியாது, கௌரவமான காரியம் என்றும் சொல்ல முடியாது. கிளை கிளையாகப் பெருகும் ஓட்டல்களின் போக்கைக் கணக்குப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. தொழில் படிந்தது திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்தையும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டையும் சுற்றியிருக்கும் ஓட்டல்களில்.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. பில்லில் வரிசை எண் விட்டுப்போகாமல் ஓட வேண்டும் என்பது சட்டம். பல கடைகளில் அது ஏப்ரல் 1 அன்று ஒன்றிலிருந்து தொடங்குகிறது. காலையில் கடை திறந்ததும் ஒரு காபி, ராத்திரி சாத்தும் முன் ஒரு காபி. இரண்டு பில்லுக்கும் இடையே உள்ள எண்கள்தான் அன்றைய வியாபாரம். பார்சலுக்கும் ஸ்விக்கிக்கும் தனித்தனி வரிசை போட்டிருந்தால் இந்த வித்தை பலிக்காது. மாடியில் ஏசி ஹாலுக்கு வேறு மெஷின் இருந்தாலும் கெட்டது. பிறத்தியார் பில்லில் கை வைக்கும் நிலைமை அதனால்தான்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோனால், வாடிக்கையாளர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "மொத்தம் எத்தனை கிளை?"

பத்துக் கடையில் நூறு ரூபாய் வியாபாரம் என்று வையுங்கள். பதினைந்து கடையானதும் நூற்று முப்பது. முப்பது சதவீத வளர்ச்சி என்று பத்திரிகையில் வரும். ஆனால் சராசரியாகப் பத்து ரூபாய் பார்த்த கடை இப்போது ஒன்பதைக்கூடத் தொடவில்லை. ஆகவே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய பழைய கடைகளை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்போம். 1996இல் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் தொடங்கிய கஃபே காபி டே 2019 வாக்கில் 1,700 கடைகளைத் தாண்டி நின்றது. பிறகு கடன் சுமையில் 500க்கும் கீழே இறங்கியது. கடை எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த இறக்கம் முன்கூட்டித் தெரிந்திருக்காது.

பழைய கடை என்றால் என்ன என்று நான் பார்த்துத் தெரிந்துகொண்டது பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இந்தியன் காபி ஹவுஸில். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள் அது. தரை சாய்தளமாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். பெஞ்சும் மேசையும் சுவரோரமாகக் கட்டிடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டவை. விசிறித் தலைப்பாகை சப்ளையர் தட்டோடு அந்த ஏற்றத்தில் ஏறி வருவார். பீட்ரூட் போட்ட சிவப்பு மசாலாதான் தோசைக்குள். ஒரு நாற்காலியைக்கூட இழுத்துப் போட வழியில்லை. ஆக, இங்கே வியாபாரம் கூட வேண்டுமானால் ஒரே மேசையில் நாளுக்கு இன்னும் ஒரு பந்தி எழ வேண்டும். கீழே பஸ் காத்திருப்பதால் ஆட்கள் தாங்களாகவே எழுந்துவிடுகிறார்கள். எந்த எம்.பி.ஏ.வும் யோசித்துச் செய்த ஏற்பாடு அல்ல இது.

இந்தக் காபி ஹவுஸின் முதலாளி யார் என்பது இன்னும் சுவாரசியம். அரசின் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் சொல்படி தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கேரளத்தில் முதல் கடை 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் திறந்தது. தட்டு ஏந்துகிறவரும் பங்குதாரராக இருக்கக்கூடிய இடத்தில், புதுக் கிளை என்பது முதலீட்டாளரிடம் காட்டும் எண் அல்ல. இன்னும் சில பேருக்கு வேலை. என் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. இந்தச் சங்கிலியை வாடிக்கையாளர் யாருக்கும் நான் சிபாரிசு செய்ததும் இல்லை. பசித்தால் மட்டும் அங்கேதான் போகிறேன்.

ஒருமுறை மார்த்தாண்டம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வந்தார். மூன்று ஓட்டல் வைத்திருந்தார். நாலாவதைத் தம்பானூரில் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. முதல் கடையின் பில் கட்டை வாங்கிப் புரட்டினேன். மூன்றாவது கடை திறந்த மாதத்திலிருந்து அங்கே ராத்திரி பில் சரிந்திருந்தது. ஊரில் புதுப் போட்டி ஏதும் இல்லை. விசாரித்தால், தோசை மாஸ்டரைப் புதுக் கடைக்கு மாற்றியிருக்கிறார்கள். திறப்பு விழாக் கூட்டத்தைச் சமாளிக்க நல்ல கை வேண்டும் அல்லவா! போனவர் திரும்பவில்லை. பழைய கடைக்கு வந்தவர் கல்லில் மாவு ஊற்றும்போதே தெரிகிறது: நடுவில் தடிப்பு, ஓரத்தில் கருகல்.

சொன்னேன். "கடையை எண்ணச் சொன்னா மாஸ்டரை எண்ணிட்டு வந்திருக்கியே தம்பி" என்றார்.

தம்பானூரில் இடம் பிடிக்கத்தான் செய்தார். ஆனால் அட்வான்ஸ் கொடுத்த கையோடு, மாஸ்டரைப் பழைய கடைக்குத் திருப்பி அனுப்பி, இரண்டு பையன்களை அவர் பக்கத்தில் கல்லில் நிறுத்தினார். திறப்பு சித்திரைக்குத் தள்ளிப்போனது. பூட்டிய கடைக்கு வாடகை கட்டுகிற கடுப்பில் மாதாமாதம் எனக்குப் போன் வரும். அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் வாங்கியிருந்தேன்.