மகளின் முதல் காரும் நனைந்த தானியமும்



பழைய கார் வாங்கச் செல்லும் நம்மவர்களின் நாவில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு: ‘நம்ம ஆள்தானே!’ விற்பவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர், நல்லது கெட்டதுகளுக்கு வீடு தேடி வருபவர் என்றால், பேனட்டைத் திறந்து பார்க்கக்கூட நமக்குக் கூச்சமாக இருக்கிறது. மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வது அவரை அவமதிப்பதாகத் தோன்றுகிறது. சகோதரரைப் பற்றித் தவறாக எண்ணுவது பாவமாயிற்றே என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. என் மகளுக்காகக் கார் தேடிய நான்கு மாதங்களில் இந்தக் கூச்சத்தைப் பற்றி நிறையவே சிந்திக்க நேர்ந்தது. முதன்முறையாகக் கார் வாங்க எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அதை எழுதுகிறேன்.

நாங்கள் காயல்பட்டினத்தில் வசிக்கிறோம். மகள் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் பணியாற்றுகிறாள். ஒரு வழிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. பயணம். மழைக்காலங்களில் மஃக்ரிபுக்குப் பிறகே வீடு வந்து சேர்வாள். அதுவரை அவளுடைய உம்மா வாசலிலேயே நிற்பார். சென்ற ஆண்டு மகள் ஓட்டுநர் உரிமம் பெற்றாள். ‘பெரிய வண்டி வேண்டாம் வாப்பா. ரோட்டுல நின்னுபோகாத வண்டியா இருந்தாப் போதும்’ என்பதே அவளுடைய ஒரே கோரிக்கை.

கையில் 2,75,000 ரூபாய் சேமிப்பு இருந்தது. மாதத் தவணைக்குக் கடன் தர ஆள்கள் இருந்தார்கள். ஆனால் வணிகத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்துள்ள இறைவனின் கட்டளை தெளிவாக இருக்கும்போது, மகளின் முதல் பயணத்தை அதில் தொடங்க மனம் ஒப்பவில்லை. என் மச்சான் 75,000 ரூபாயை கர்ழ் ஹஸனாக, அதாவது வட்டியில்லா அழகிய கடனாகத் தந்தார். அதை ஒரு தாளில் எழுதி, இரு சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டபோது, ‘நமக்குள்ள எதுக்கு மச்சான் எழுத்து?’ என்று அவர் வருந்தினார். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு நம்பிக்கையாளர்களைப் பார்த்தே சொல்கிறது என்பதை நினைவூட்டினேன். நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் எழுத்து அதைக் காக்கிறது.

மொத்தம் 3,50,000. இதில் 40,000 ரூபாயைத் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். பழைய காருக்கு வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. டயர், பேட்டரி, கிளட்ச், காப்பீடு, பெயர் மாற்றம் என்று முதல் இரண்டு மாதங்களிலேயே பணம் கரையும். கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டால், பிரேக் தேய்ந்த வண்டியைக்கூட ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டும் நிலை வரும். புதிய ஓட்டுநருக்கு அது ஆபத்து.

எந்த வண்டி என்பதிலும் சில வரையறைகளை வகுத்துக்கொண்டோம். பெட்ரோலில் ஓடும் சிறிய கார். உட்கார்ந்தால் சாலை நன்கு தெரிய வேண்டும். உதிரிபாகங்கள் சிற்றூரிலும் கிடைக்க வேண்டும். மெக்கானிக்குகளுக்குப் பழகிய இன்ஜினாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்புறம் இரண்டு ஏர்பேக்குகளும் ஏ.பி.எஸ். பிரேக்கும் வேண்டும். 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் ஐந்து சிறிய கார்களின் அடிப்படை வகைகளை மோதிச் சோதித்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. புதிய கார்கள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமானது அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முன் பல சிறிய கார்களில் இவை விருப்பத் தேர்வாகவே கிடைத்தன. ஆதலால் ஒரே பெயரும் ஒரே ஆண்டும் கொண்ட இரு கார்களில் ஒன்றில் ஏர்பேக் இருக்கும், மற்றொன்றில் இராது. பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் அதன் குறியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

முதலில் கிடைத்தது எங்கள் மஹல்லாவிலேயே ஒருவருடைய கார். வெளியே பளபளப்பு, ஓடோமீட்டரில் 38,000 கி.மீ.; சந்தை விலையைவிட 40,000 ரூபாய் குறைவு. மெக்கானிக்கை அழைத்து வருகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. ‘நம்மளுக்குள்ள என்ன காக்கா சோதனை?’ என்றார். ‘ஓட்டப்போறது பொம்பளப் புள்ள தம்பி. ஒரு தடவை பார்த்துட்டா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி’ என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மெக்கானிக் வந்தார். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். பால் கலந்த காப்பி போன்ற நுரை இருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். ஸ்டார்ட் செய்து புகையைக் கவனித்தார். நீலப்புகை ஆயில் எரிவதையும், சூடான பின்னும் நில்லாத வெண்புகை கூலன்ட் எரிவதையும் காட்டும். இவை இரண்டிலும் குறை இல்லை. அதன்பின் சீட் பெல்ட்டை அதன் கடைசி முனைவரை இழுத்தார். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் மண்நிறத்தில் ஒரு கோடு. ஸ்டெப்னி டயரைத் தூக்கினார். அதன் குழியின் ஓரங்களில் வண்டல் காய்ந்து படிந்திருந்தது. இருக்கைகளுக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டவாளங்களில் துரு. கார் வெள்ளத்தில் நின்றிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பகுதியில் எவரும் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் அதிகமான மழை பதிவானது. வீடுகளில் தண்ணீர் புகுந்தது; வாகனங்கள் மூழ்கின. அந்த மழையில் கார் நனைந்தது எவருடைய குற்றமும் ஆகாது. ஆனால் நீர் புகுந்த காரின் வயர்களும் மின்னணுப் பாகங்களும் உள்ளுக்குள் மெல்ல அரித்து, ஓராண்டு ஈராண்டு கழித்து ஓர் இரவில் சாலை நடுவே வண்டியை நிறுத்திவிடக்கூடும். ஏர்பேக்கின் மின் இணைப்பு பழுதானால், தேவைப்படும் நொடியில் அது விரியாமலும் போகலாம்.

‘தண்ணி ஏறுச்சா தம்பி?’ என்று தனியாக அழைத்துக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, ‘எல்லார் வீட்டு வண்டியும்தான் நனைஞ்சிச்சு காக்கா’ என்றார்.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்வு அப்போது என் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் விளக்கினார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

இந்நிகழ்வைப் பலமுறை ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறேன். அந்த நாளில்தான் அதன் இரு பகுதிகள் எனக்குத் துலக்கமாகத் தெரிந்தன. ஒன்று, தானியத்தை நனைத்தது மழை. அதற்காக அவ்வணிகர் கண்டிக்கப்படவில்லை, ஈரத்தை அடியில் வைத்ததற்கே கண்டிக்கப்பட்டார். மற்றொன்று, நபியவர்கள் குவியலின் மேற்பரப்பைப் பார்த்துத் திருப்தியடையாமல் கையை உள்ளே நுழைத்தார்கள். மனிதரைப் பற்றி ஆதாரமின்றித் தவறாக எண்ணுவதே நமக்குத் தடுக்கப்பட்டது. பொருளுக்குள் கை விட்டுப் பார்ப்பது அந்தத் தடையில் சேராது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்புமாறு நபியவர்கள் கூறியதாகத் திர்மிதீயில் வரும் செய்தியும் இதையே உணர்த்துகிறது.

அந்தக் காரை வாங்கவில்லை. வாங்க வருபவரிடம் வெள்ள விவரத்தைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள் என்று அவரிடம் மென்மையாகச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பல வாரங்கள் பள்ளிவாசலில் என் ஸலாமுக்கு உதட்டளவில் பதில் வந்தது.

சோதனை அத்துடன் முடியவில்லை. பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர், நான் அந்தக் காரைப் பார்த்ததாகக் கேள்விப்பட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ‘எப்படி இருக்கு வண்டி, மாமா?’ சொன்னால் புறம் பேசுவதாகுமோ? சொல்லாவிட்டால்? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சூழல்களைத் தொகுத்துள்ளார்கள். பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பது அவற்றுள் ஒன்று. குறையுள்ள பொருளை அறியாமல் வாங்குபவருக்கு அதை அறிவிப்பதையும் அறிஞர்கள் இதில் சேர்த்துள்ளனர். அதற்கும் எல்லை உண்டு. சீட் பெல்ட்டில் கண்டதையும் ஸ்டெப்னிக் குழியில் கண்டதையும் சொன்னேன். விற்பவரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘நீங்களே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க’ என்று முடித்தேன். அந்த நட்பு இன்னும் முழுமையாகச் சீராகவில்லை. அவருக்காக துஆ செய்கிறேன்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற ஒரு கிறிஸ்தவ ஆசிரியரின் கார் பற்றித் தெரியவந்தது. 2016-ஆம் ஆண்டின் மாருதி வேகன் ஆர். இரண்டு ஏர்பேக்குகளும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ளது, 52,000 கி.மீ. ஓடியது. நாங்கள் போய் அமர்ந்ததும் தேநீருடன் ஒரு தாளையும் கொண்டுவந்து வைத்தார். ‘முதல்ல இதப் படிங்க பாய்’ என்றார். கிளட்ச் தேய்ந்துவிட்டது, ஏ.சி. போதுமான குளிர்ச்சி தருவதில்லை. இடப்பக்கப் பின்கதவு கேட்டில் உரசியதால் டிங்கரிங் செய்து பெயின்ட் அடிக்கப்பட்டது. டயர்கள் மாற்ற வேண்டியவை. நனைந்த தானியத்தை அவர் மேலே எடுத்து வைத்துவிட்டார்.

ஆயினும் மெக்கானிக் எல்லாவற்றையும் பார்த்தார். அவர் சற்றும் முகம் சுளிக்கவில்லை. சர்வீஸ் ரசீதுகளில் இருந்த கிலோமீட்டர் கணக்கு ஓடோமீட்டருடன் ஒத்துப்போனது. டயரின் பக்கவாட்டில் 2117 என்ற எண் இருந்தது. 2017-ஆம் ஆண்டின் 21-ஆம் வாரத்தில் தயாரானது என்பது அதன் பொருள். பட்டன் தேயாவிட்டாலும் அந்த வயதில் ரப்பர் இறுகிவிடும், ஈரச்சாலையில் பிடிக்காது. 3,20,000 கேட்டார், கிளட்சையும் டயரையும் கணக்கிட்டு 3,05,000-க்கு முடிந்தது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவரிடம் பேரம் பேசிய பத்து நிமிடங்களில் இருவர் மனத்திலும் கசப்பு எழாததை அந்தப் பரக்கத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

ஆவணங்களிலும் அதே கவனம் தேவை. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்து, பதிவு, காப்பீடு, வங்கிக் கடன் விவரங்களைப் பார்த்தோம். பழைய கடன் அடைபட்டிருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்பட்டுள்ளதா என்று உறுதி செய்ய வேண்டும்; அதற்குரியது படிவம் 35. பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வண்டியைக் கொடுத்துவிட்டு ஆர்.சி.யைப் பழைய பெயரிலேயே விட்டுவைப்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. பெயர் மாற்றாமல் ஓட்டுவது, நம்மிடம் நம்பி விற்றவர் தலைமேல் சுமையை ஏற்றுவதாகும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் எங்கள் வண்டிக்கு 2031 வரை காலம் இருக்கிறது.

ஒதுக்கி வைத்த தொகையிலும் விலைபோக மிஞ்சியதிலும் புதிய கிளட்சும் நான்கு டயர்களும் வந்தன. ஏ.சி.யை அடுத்த கோடைக்குத் தள்ளிவைத்துவிட்டோம். முதல் மாதம் நான் அருகில் அமர்ந்து சென்றேன். இப்போது மகள் தனியாகச் செல்கிறாள்; பயண துஆவை ஓதிவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறாள்.

அந்த ஆசிரியர் தந்த தாளை அவள் கார் டேஷ்போர்டு பெட்டியில் ஒரு சிறிய குறிப்பேட்டுக்குள் ஒட்டிவைத்திருக்கிறாள். அதற்குக் கீழே தன் கையெழுத்தில் தொடர்ந்து எழுதி வருகிறாள்: கிளட்ச் மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி, கல்லூரி வாகன நிறுத்தத்தில் தூணில் இடித்து முன் பம்பரில் விழுந்த கீறல். ‘கீறலை எதுக்கும்மா எழுதுறே?’ என்று கேட்டேன். ‘ஒரு நாள் நாமளும் விற்கணும்ல, வாப்பா’ என்றாள்.