ஆமைக்குஞ்சுக்கு ஓர் இடம்

தேக்கா சந்தையில் கீரை வாங்கும்போது என் மாணவன் ஒருவனின் தாயார் கேட்டார்: "டீச்சர், ஆமைக்குஞ்சுக்கு வீட்டுக்குள் இடம் அமைப்பது எப்படி?"

எந்த ஆமை என்பதே முதற்கேள்வி. நட்சத்திர ஆமையென்றால் பேச்சே இல்லை. சிங்கப்பூரில் அதனை வளர்ப்பது குற்றம். இங்கு மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டதைப் பெற்றோர் சிலர் நினைவில் வைத்திருக்கலாம்.

மகன் விரும்பியதோ அனுமதியுள்ள சிவப்புக் காது ஆமை. அது நீந்தும் இனம். நீந்துமளவு நீர், நீரை வடிகட்டும் கருவி, ஏறி உடல் காயக் கல், அதன்மேல் வெப்ப விளக்கு, புற ஊதாக் கதிர் விளக்கு ஆகியவை வேண்டும். சன்னலோரம் போதாதா என்றார். அக்கதிரைக் கண்ணாடி பெரிதும் தடுத்துவிடும். கதிரின்றேல் ஓடு மென்மையாகும். வெயிலில் சிறு தொட்டி நீர் கொதிப்பது வேறு! தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவவும் வேண்டும். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு ஒரு சாணுக்கும் மேல் வளரும், முப்பதாண்டும் வாழக்கூடும். பையன் தேசிய சேவைக்குச் சென்றபின் தொட்டியைக் கழுவுவது யார்? நீர்த்தேக்கத்தில் விடுவதும் குற்றமாயிற்றே.

இப்போது அவன் அளவுநாடாவுடன் கூடத்தைச் சுற்றுகிறானாம். நான்கடித் தொட்டிக்கு இடம் கிடைத்த பிறகே குஞ்சு என்று தாயார் சொல்லிவிட்டார்.